ஆறு துண்டு, ஒரு சண்டை

ஆங்கிலத்துல நீளமான வார்த்தை எதுன்னு பள்ளிக்கூட க்விஸ்ல கேட்டா டக்குனு வர்ற பதில் 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிஸம்'. 28 எழுத்து. (இதைவிட நீளமான மருத்துவப் பேரெல்லாம் இருக்கு, அது வேற கதை.) இங்கே இங்கிலாந்துல முதுகலை படிக்கிற எனக்கு, இந்த வார்த்தையோட இலக்கணத்தைவிட அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வரலாறுதான் பிடிச்சிருக்கு. உரிச்சுப் பார்ப்போமா?

நடுவுல இருக்கிறது 'எஸ்டாப்ளிஷ்', அதாவது நிலைநிறுத்து. 1534ல எட்டாம் ஹென்றி, இங்கிலாந்து திருச்சபைக்குத் தலைவர் போப் இல்லை, நான்தான்னு சட்டம் போட்டார். அரசே நிலைநிறுத்தின சபை. அயர்லாந்துலயும் அதே ஏற்பாடு. ஆனா அங்கே பெரும்பாலானவங்க கத்தோலிக்கர்கள். தங்களோடது இல்லாத சபைக்கு அவங்களும் தசமபாகம் கட்டணும்! 1830கள்ல மாட்டோம்னு கிளம்பிட்டாங்க. 1834 டிசம்பர்ல ராத்கார்மக்ங்கிற ஊர்ல வசூலுக்குப் போன இடத்துல படை சுட்டதுல பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. 1838ல தசமபாகத்தைக் குறைச்சு நிலச்சுவான்தார் தலையில கட்டினாங்க. அவங்க அதைக் குத்தகையில ஏத்திட்டாங்க. 1861 கணக்கெடுப்புல அரசு சபைக்காரங்க சுமார் 12 சதவீதம்தான்.

இங்கேதான் 'டிஸ்' நுழையுது. செய்ததைக் கலைங்கிற அர்த்தத்துல அது வினைச்சொல்லோடதான் ஒட்டும். அதனால முதல்ல 'டிஸ்எஸ்டாப்ளிஷ்', அப்புறம்தான் 'மென்ட்' சேர்ந்து பெயர்ச்சொல். 1868 தேர்தல்ல கிளாட்ஸ்டன் இதைச் சொல்லியே ஜெயிச்சார். 1869ல சட்டம், 1871 ஜனவரி 1ல அமல். வேடிக்கை என்னன்னா, இதே கிளாட்ஸ்டன் 1838ல அரசு சபையை ஆதரிச்சுப் புத்தகமே எழுதினவர்!

கலைக்கணும்னு நின்னவங்களுக்கு 'ஏரியன்', கொள்கைக்கு 'இஸம்'. கூடாதுன்னு எதிர்த்து நின்னவங்களுக்கு முன்னால ஒரு 'ஆன்டி'. ஒவ்வொரு ஒட்டும் ஒரு கட்சி. கணக்குல மைனஸும் மைனஸும் பெருக்கினா ப்ளஸ். வார்த்தையில அப்படி இல்லை. 'ஆன்டி'யும் 'டிஸ்'ஸும் அடிபட்டுப் போயி ஹென்றி காலத்து 'எஸ்டாப்ளிஷ்' திரும்பி வராது. அவர் புதுசா ஒண்ணை நிறுத்தினார். இவங்க சாயாம முட்டுக் கொடுத்தாங்க. நடுவுல நடந்த சண்டை அந்த 'டிஸ்'ல அப்படியே உட்கார்ந்திருக்கு.

இன்னொரு விஷயம்: 'ஆன்டி', 'இஸம்' ரெண்டும் கிரேக்கம். மத்ததெல்லாம் லத்தீன், பிரெஞ்சு வழி. அசல் ஆங்கிலோ-சாக்சன் துண்டு ஒண்ணுகூட இல்லை :-)

வேல்ஸ்ல 1914ல சட்டமாகி, முதல் உலகப் போரால தள்ளிப்போய் 1920ல கலைச்சாங்க. இங்கிலாந்துல மட்டும் இன்னும் மன்னர்தான் சபைக்குத் தலைவர். பிரபுக்கள் சபையில 26 பிஷப்புகளுக்கு இடம் இருக்கு. ஆக, இந்த வார்த்தைக்கு இன்னும் வேலை பாக்கி.

நம்ம தமிழ்ல ஒட்டெல்லாம் பெரும்பாலும் வால்லதான். இப்படி உரிச்சா வரலாறு வர்ற தமிழ்ச் சொல் ஏதாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க மக்களே!