படைப்பணி ஆவணத் திருத்தம்

படைப்பணி ஆவணத் திருத்தம் என்பது படைவீரரின் பணி ஆவணங்களில் பெயர், பிறந்த நாள், குடும்ப விவரம் ஆகியவற்றில் நேர்ந்த எழுத்துப் பிழைகளைச் சரிசெய்யும் நடைமுறை ஆகும். ஓய்வூதியமும், வீரர் இறந்தபின் மனைவி பெறும் குடும்ப ஓய்வூதியமும் இவ்வாவணங்களைக் கொண்டே வழங்கப்படுகின்றன. எனவே மனைவியின் பெயரில் உள்ள ஓரெழுத்துப் பிழையும் தாமதத்தை விளைவிக்கலாம்.

பிழையும் வேறுபாடும்

தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுவதும், தலைப்பெழுத்து விரித்து எழுதப்படுவதும் பிழைகளுக்குப் பொதுவான காரணங்கள் ஆகும். ஆயின் எல்லா வேறுபாடும் பிழையன்று. காட்டாக, பரங்கிப்பேட்டை ஆங்கிலத்தில் போர்ட்டோ நோவோ என வழங்கப்பட்டது; 1993 வரை தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று அது கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

நடைமுறை

சான்றுகளுடன் கூடிய விண்ணப்பம் உரிய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு அனுப்பப்படும். மதராசு ரெசிமெண்டின் ஆவண அலுவலகம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதில் வழிகாட்டும். கோரிக்கை மறுக்கப்படின், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தை அணுகலாம். இதன் அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது.

பிறந்த நாள் திருத்தம்

ஓய்வு நெருங்கும் வேளையில் கோரப்படும் பிறந்த நாள் மாற்றத்தை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. இந்தியத் தரைப்படைத் தலைவராயிருந்த வி. கே. சிங்கின் பிறந்த ஆண்டு படைத் தலைமையகத்தின் ஒரு பிரிவில் 1950 எனவும், மற்றொன்றில் 1951 எனவும் பதிவாகியிருந்தது. 2012 சனவரியில் உச்ச நீதிமன்றத்தை நாடிய அவர், பெப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார். 1950 என்பதே நிலைத்தது. அவ்வாண்டு மே 31 அன்று ஓய்வு பெற்றார்.