எல்கைப் பந்தயம்

எல்கைப் பந்தயம் என்பது பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டிப் பொதுச்சாலையில் நடக்கும் மாட்டுவண்டி ஓட்டம். வண்டிகள் குறித்த எல்லையைத் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். மாட்டின் அளவையொட்டிப் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு முதலிய பிரிவுகள் உண்டு.

வண்டியை ஓட்டுபவர் சாரதி; உடன் ஓடி மாட்டை விரட்டுபவர் துணைச்சாரதி. பரிசு மாட்டின் உரிமையாளரைச் சேரும். ஆனால் சாலையோரச் சிறுவர்கள் பார்த்துப் பழகுவது சாரதியின் கையைத்தான். ஆகவே விளையாட்டின் பெயரும் அவர் நடத்தையோடு கட்டுண்டது. வாலை முறுக்குதல், கடித்தல், ஆணி வைத்த தார்க்குச்சியால் குத்துதல், பின்வரும் வண்டியைக் குறுக்கே மறித்தல் ஆகியவை முதன்மையான முறைகேடுகள். இவற்றுள் குத்துதலே மிகக் கொடியது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மாட்டை அடித்து வதைப்பதைக் குற்றமாக்குகிறது. 1965ஆம் ஆண்டு விதிகளின்படி, வண்டி ஓட்டுபவர் ஆணிக்கோலைப் பயன்படுத்துவது தவறு.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. இத்தகைய போட்டிகளை அனுமதிக்கத் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் கொண்டுவந்த சட்டத்திருத்தங்களை 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு ஏற்றது. சட்டத் தடை நீங்கினாலும், வண்டிகளின் பின்னே பைக்கில் கூச்சலிட்டு விரட்டும் ரசிகர் கூட்டம் மாட்டுக்கும் சாரதிக்கும் ஒருசேர ஆபத்து.