'பிசியோகிராபி': ஒரு சொல்லின் சிறப்புப் பொருட்பேறு

'பிசியோகிராபி' என்னும் புவியியற் கலைச்சொல்லை 'நிலத்தோற்றம்' என்றோ 'இயற்கை அமைப்பு' என்றோ தமிழாக்கும் வழக்கம் உள்ளது. இக்காலப் பாடநூல்களுக்கு இது பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலொன்றுக்குப் பொருந்தாது என்பதே நமது கருத்து.

இயற்கை, விவரிப்பு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் இணைந்து உருவானது இச்சொல். இதனைக் கல்வியுலகில் பரப்பியவர் தாமஸ் ஹக்ஸ்லி. இலண்டனில் 1869ஆம் ஆண்டு அவர் ஆற்றிய விரிவுரைகள், 1877இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு நூலாயின. 'இயற்கைப் புவியியல்' என்பதற்கு நேரான பெயரும் அப்போது வழக்கில் இருந்தது. மேரி சாமர்வில் 1848இலேயே அப்பெயரில் நூல் எழுதியிருந்தார். எனினும், அப்பெயரில் வெளிவந்த பாடநூல்கள் பல துறைச் செய்திகளின் துணுக்குத் தொகுப்பாக இருந்தமையால் ஹக்ஸ்லி அதனைத் தவிர்த்தார்.

இலண்டன் பாலத்தடியில் ஓடும் தேம்ஸ் ஆற்றிலிருந்து அவர் தொடங்குகிறார். இந்நீர் எங்கிருந்து வந்தது என்னும் வினா ஊற்றுக்கும், ஊற்று மழைக்கும், மழை வளிமண்டலத்துக்கும் இட்டுச் செல்கின்றன. பனிக்கட்டி, கடல், எரிமலை, உயிர்ப்பொருள் எனக் காரணகாரியத் தொடர் விரிந்து, இறுதி இயல் கதிரவனைப் பற்றியதாக அமைகிறது. மாணவர் கண்ணெதிரே காணும் ஆற்றிலிருந்து பாடத்தைத் தொடங்கும் இம்முறை, மலைப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் மனனம் செய்யவைத்த நம் வகுப்பறைகளுக்கு எட்டாமற்போனது இழப்பே. ஆக, ஹக்ஸ்லியிடம் இச்சொல் குறித்தது நிலத்தை மட்டுமன்று. காரணத்தொடராகக் காணப்பட்ட இயற்கை முழுவதையும் ஆகும்.

இப்பொருள் அமெரிக்காவில் சுருங்கியது. உடனடியாக அன்று, சாலிஸ்பரி 1907இல் இதே தலைப்பில் எழுதிய நூலில் வளிமண்டலமும் கடலும் இடம்பெற்றன. ஆனால், 1931இலும் 1938இலும் அமெரிக்காவின் மேற்கு, கிழக்குப் பகுதிகளைப் பற்றி ஃபென்னமன் எழுதிய நூல்களில் இச்சொல் நிலப்பரப்பின் அமைப்பையும் அதன் வட்டாரப் பிரிவுகளையுமே சுட்டிற்று. இந்தியப் பாடநூல்களில் வழங்குவதும் இச்சுருங்கிய பொருளே.

எனவே ஃபென்னமனின் நூல்களுக்கு 'நிலத்தோற்றம்' தகும். ஹக்ஸ்லியின் நூலுக்கு 'இயற்கை விவரணம்' என்பதைப் பரிந்துரைக்கிறோம். தமிழகத்தின் 'இயற்கைப் புவியியல்', இலங்கையின் 'பௌதிகப் புவியியல்' ஆகிய சொற்களும் இங்கு உதவா. அவற்றுள் எதனைச் சூட்டினாலும், அவர் வேண்டாமென்று ஒதுக்கிய பெயரையே அவர் நூலுக்கு இட்டவராவோம்.