சேற்றுக்கும் தேதி உண்டு

நம்முடைய கதைகளிலும் கவிதைகளிலும் ஒற்றையடிப் பாதை நிறைய வருகிறது. பெரும்பாலும் அது காலம் தொடாத ஒரு பொருளாகத்தான் வருகிறது. ரோடு என்றால் நாகரிகம், பாதை என்றால் ஆதி. தார் என்றால் இன்று, சேறு என்றால் என்றென்றைக்கும். எழுதுகிறவனுக்கே தெரியாமல் இப்படி ஒரு கணக்கு உள்ளே வேலை செய்கிறது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கைச் சந்தேகிக்க வைத்த ஒரு நடையைப் பற்றியது இது.

அலங்காநல்லூரும் தேனூரும் மதுரைக்கு வடமேற்கில் அக்கம்பக்கத்து ஊர்கள். முதலாவது ஜல்லிக்கட்டினால் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது சமயநல்லூருக்கு மேற்கே, வைகையின் வடகரைப் பக்கம். காலையில் கிளம்பினால் உச்சிக்குள் நடந்துவிடலாம். நான் இந்தப் பாதையைத் தேடிப் போனதற்குக் காரணம் அழகர்.

அழகர் அந்தக் காலத்தில் மதுரைக்கு வந்ததில்லை என்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. சித்திரையில் மலையிலிருந்து இறங்கி, அலங்காநல்லூர் வந்து அலங்காரம் செய்துகொண்டு, தேனூர் போய் ஆற்றில் இறங்கி, மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுத்துவிட்டுத் திரும்புவார். அலங்காரநல்லூர்தான் அலங்காநல்லூர் ஆயிற்று என்பதும் இந்தக் கதையோடு சேர்ந்தது. மீனாட்சி கல்யாணம் அப்போது மாசியில். திருமலை நாயக்கர் (1623–1659) கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளி, அழகரை மதுரைக்குத் திருப்பி, இரண்டு விழாவையும் ஒன்றாக்கினார் என்கிறார்கள். மாசி அறுவடைக் காலம், தேரிழுக்க ஆள் கிடைக்காது என்று ஒரு காரணம். சைவத்தையும் வைணவத்தையும் சேர்த்து வைத்தார் என்று இன்னொன்று.

காரணம் எதுவானாலும், செய்தவரின் மற்றக் காரியங்களோடு இது பொருந்துகிறது. திருச்சியிலிருந்து தலைநகரை மதுரைக்குக் கொண்டுவந்தவர் அவர். மஹால், புது மண்டபம், 1645-ல் வண்டியூர் தெப்பக்குளம் என்று எல்லாவற்றையும் நகரத்தைச் சுற்றியே குவித்தார். வாய்க்காலை வெட்டித் திருப்புகிற மாதிரி ஒரு திருவிழாவையும் நகரத்தை நோக்கித் திருப்பியிருக்கிறார். இன்றைக்கு அழகர் வருகிற வழி கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம். வழி நெடுக மண்டபங்கள். வண்டியூரில் வைகைக்குள் அவர் முனிவருக்கு விமோசனம் கொடுக்கிற மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம். ஊர் வரவில்லை, பெயர் மட்டும் வந்திருக்கிறது. அதிகாரம் எதையும் முழுக்க அழிப்பதில்லை. பெயரைப் பெயர்த்து எடுத்துவந்து தன் வாசலில் நட்டுக்கொள்கிறது.

தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ (1989) கோயிலை அதைச் சுற்றியிருக்கும் ஜனங்களோடு வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்த புத்தகம். நான் அதே வரிசையில் ஒரு சின்னக் காரியம் செய்ய ஆசைப்பட்டேன். கடவுள் கைவிட்ட வழியை நடந்து பார்ப்பது.

போனது ஐப்பசியில். முதல் இரவு மழை. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டை விட்டு இறங்கினேன். இருபுறமும் நடவு முடிந்த வயல், நடுவில் வரப்பு. வரப்பு அறுந்த இடத்தில் கால் தொளிக்குள் போயிற்று. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். மனசுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானூறு வருஷத்துக்கு முந்திய சேற்றில் நிற்பதாக நினைப்பு.

மடை திறக்க வந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து நின்றார்.

“எங்கிட்டு போறீக தம்பி? அங்கிட்டு போனா முழங்கால் போட்டுரும். கரை மேல ஏறிப் போங்க.”

“தேனூருக்குங்கய்யா. பழைய பாதை இதுதானே?”

“பழசா?” என்றார். “இது பெரியாத்துத் தண்ணி வந்த பெறகு உள்ள வயலு. எங்க பாட்டன் இதுல சோளம் வெதச்சிருக்காரு.”

அவ்வளவுதான் சொன்னார். கரைமேல் ஏறி நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் மிதித்த சேற்றுக்கு வயது நானூறு இல்லை. அதற்குத் தேதி இருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு வேகம் பிடித்த திட்டம். 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. பென்னிகுவிக் கட்டிய அணை. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். மேற்கே போக வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூர்ப் பக்கம் போகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகம். மழையை நம்பிய கண்மாயும் புன்செய்யுமாக இருந்த தரை அதற்குப் பிறகுதான் இப்படிச் சேறாயிற்று. இந்தப் பாதையில் ஆதி என்று நான் தொட்டது ஆங்கிலேய எஞ்சினியரின் கைவேலை.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். அழகர் போனது சித்திரையில். அந்த மாதத்தில், அந்தக் காலத்தில், இங்கே சேறு இருக்க வழியே இல்லை. அவர் போன வழி புழுதி. இடம், பருவம் இரண்டில் ஒன்றைத்தான் நான் சரியாகப் பிடித்திருக்கிறேன்.

இளங்கோவடிகள் இந்தத் தப்பைச் செய்யவில்லை. காடுகாண் காதையில் மதுரைக்குப் போகும் மூன்று வழிகளைச் சொல்கிற மறையவன், வழியைச் சொல்வதற்கு முன் பருவத்தைச் சொல்கிறான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகிவிடுகிற காலத்தில் வந்திருக்கிறீர்களே என்கிறான். திணை என்பது நிலத்தின் நிரந்தரக் குணம் இல்லை, காரணங்களால் உண்டாகிற நிலைமை என்பது அதில் இருக்கிறது. வெயில் ஒரு காரணம் என்றால் அணை இன்னொரு காரணம். ஐங்குறுநூற்று மருதத்தில், ஓரம்போகியார் பாட்டுகளில், தேனூர் என்று ஒரு ஊர் வருகிறது. அது இந்தத் தேனூர்தான் என்று கொண்டால் ஆற்றோரம் அன்றைக்கே மருதம். ஆனால் அலங்காநல்லூரிலிருந்து ஆறு வரைக்குமான மேட்டுக்கு மருதம் வந்தது 1895-க்கு அப்புறம். நாமோ பள்ளியில் படித்த ஐந்திணையை ஐந்து சித்திரப் படங்களாக மாட்டி வைத்துவிட்டு, அதற்கு மண்வாசனை என்று பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பாதைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அது நடந்தவர்களுடையது. நம் பக்கத்துக் கிராமங்களில் வரப்புமேல் போனவர்கள் எல்லோரும் குறுக்குவழி என்று போகவில்லை. ஊர்த் தெருவில் செருப்போடு நடக்க முடியாதவர்கள், நடக்கவே முடியாதவர்கள், சுற்றிப் போன வழிகளும் ஒற்றையடிப் பாதைகள்தான். கோயில் நுழைவுக்கு 1939 ஜூலை 8 என்று மதுரையில் ஒரு தேதி இருக்கிறது. தெரு நுழைவுக்கு ஊருக்கு ஊர் வேறு தேதி. சில ஊர்களில் அந்தத் தேதி இன்னும் வரவில்லை. பாதையின் அழகைப் பற்றி எழுதுகிறவன், தான் அதில் நடந்தது விருப்பத்தினாலா, வேறு வழியில்லாமலா என்பதையாவது சொல்ல வேண்டும். என்னுடையது விருப்பம். பஸ் இருந்தது.

தேனூர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். 2009-ல் இந்த ஊரில் தங்கக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் பழைய தமிழ் எழுத்தில் கோதை என்ற பெயர் வெட்டப்பட்டிருந்தது. தங்கம் தன்மேல் ஒரு பெயரை வைத்துக்கொண்டு இரண்டாயிரம் வருஷம் காத்திருக்கும். பாதைக்கு அந்தச் சக்தி கிடையாது. நடப்பதை நிறுத்தினால் இரண்டு போகத்தில் உழவுக்குள் போய்விடும்.

பாதைக்கு எழுத்துச் சாட்சி உண்டென்றால் அது பத்திரங்களில் இருக்கிறது. பாங்கில் விவசாயக் கடனுக்காக வருகிற பழைய கிரயப் பத்திரங்களை நான் படிக்க வேண்டியிருக்கிறது. ‘இதற்கு நான்குமால்’ என்று ஆரம்பித்து, வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னாருடைய நஞ்சை, மாமூலான நடைபாதை பாத்தியமும் சேர்ந்தது என்று போகும். யாரோ ஒரு பத்திர எழுத்தர், இலக்கிய ஆசை எதுவும் இல்லாமல், ஒரு பாதையைத் தேதியோடு பதிவு செய்திருக்கிறார். இப்போது வருகிற பத்திரங்களில் நான்கு பக்கமும் பிளாட் நம்பரும் முப்பதடி ரோடும். நான் நடந்த வழியிலேயே இரண்டு இடத்தில் கல் நட்டுக் கம்பி கட்டியிருந்தது. சுற்றித்தான் போனேன்.

இன்னும் முப்பது வருஷத்தில் இந்தப் பாதைகளுக்கு நம் கதைகளும் கவிதைகளும் மட்டுமே சாட்சியாக மிஞ்சலாம். அப்போது படிக்கிறவன் எந்தத் தண்ணீர், எந்த மாதம், யார் நடந்தார்கள் என்று கேட்பான். நாம் எழுதி வைத்திருப்பது சேறு என்ற ஒரு சொல்தான் என்றால், அந்தப் பத்திர எழுத்தர் நம்மைவிட நல்ல எழுத்தாளர்.