உபதேசியாரிலிருந்து தொடங்குவோம்: சபரகமுவத் தோட்டங்களில் இறையழைத்தல்

உயிர்ப்புக் காலத்தின் நான்காம் ஞாயிறை நல்லாயன் ஞாயிறு என்பார்கள். ஆறாம் பவுல் பாப்பரசர் 1964இல் தொடக்கிவைத்த இறையழைத்தலுக்கான மன்றாட்டு நாள் இப்போது அன்றுதான் வருகிறது. பங்குகளில் அன்று குருமாணவர்கள் பேசுவார்கள். துறவற சபைகளின் துண்டுப்பிரசுரங்கள் கைமாறும். குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று கணக்குப் பார்க்கப்படும். சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தோட்டத் தமிழ்க் கிறிஸ்தவர்களை இந்தக் கணக்கால் அளந்தால் தப்பான முடிவுக்கே வர நேரும். அங்கே அழைத்தல் வேறொரு வடிவில் தலைமுறைகளாக நடந்து வந்திருக்கிறது. அந்த வடிவம்தான் உபதேசியார்.

நுவரெலியாப் பக்கம் தோட்டத்தை அடுத்துத் தோட்டம் வரும். சபரகமுவையில் அப்படியில்லை. யட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கின்றன. அத்தோட்டங்களிலும் பெரும்பாலோர் சைவர்கள். கிறிஸ்தவர்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. 1893இல் அமைந்த காலி மறைமாவட்டம் தென் மாகாணத்தோடு சபரகமுவையையும் சேர்த்துப் பெல்ஜிய இயேசு சபையாரின் பொறுப்பில் இருந்தது. இரத்தினபுரி தனி மறைமாவட்டமானது 1995இல்தான். இவ்வளவு பரப்பில் குருவானவர் ஒரு தோட்டத்துக்கு வருவது இடையிடையே. மற்ற ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்தியவர் யார்?

சீர்திருத்தச் சபைகளின் பக்கம் விடை 1854இலிருந்து கிடைக்கிறது. அவ்வாண்டு காப்பித் தோட்டத் துரைமார் சிலரும் சர்ச் மிஷனரி சங்கமும் சேர்ந்து தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கினார்கள். திருநெல்வேலித் திருச்சபை அதற்கு உபதேசியார்களை அனுப்பியது. தொழிலாளர் கங்காணியோடு கடல் தாண்டி வந்ததுபோலவே அவர்களும் வந்தார்கள். செலவில் பெரும்பங்கு தோட்டத்துரைமாரின் நன்கொடை என்பதை மறந்துவிடக் கூடாது. துரையின் பணத்தில் வந்தவரைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனம் சந்தேகக் கண்ணோடு பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. அனுப்பியது திருநெல்வேலித் திருச்சபை, படியளந்தது துரை. ஆனால் அவரை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானித்தது லயம்தான்.

கத்தோலிக்கப் பக்கத்தில் உபதேசியார் பெரும்பாலும் தோட்டத்து ஆளே. காலையில் பிரட்டுக்குப் போய்ப் பேர் போட்டுவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பார். சாவு வீட்டில் செபம் சொல்வார். சாகக்கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பார். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பார். இறப்பர்த் தோட்டமென்றால் விடியுமுன் பால்வெட்டு. மரம் நனைந்து வெட்டு இல்லாமற்போன வாரத்தில் ஞாயிறும் வேலைநாளாகிவிடும். செபக்கூட்டம் பொழுது சாய்ந்த பிறகுதான். இதையெல்லாம் செய்தவர் ‘எனக்கு அழைத்தல் உண்டு’ என்று சொல்லிக்கொண்டு வந்தவரல்லர். சனம் அவரைச் சுட்டியது, அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை இரண்டாந்தர அழைத்தல் என்று தள்ளுவோர் சாமுவேலின் கதையைத் திரும்பப் படிக்கலாம். குரல் கேட்டும் அந்தச் சிறுவனுக்கு அது யாருடையதென்று புரியவில்லை. மூன்று முறையும் ஏலியிடம்தான் ஓடினான். அதை இனங்கண்டவர் கண்பார்வை மங்கிய அந்த முதியவர். இலங்கைத் திருச்சபையின் முதற்பெரும் சான்றும் இதையொட்டியதே. கோவாவைச் சேர்ந்த புனித யோசேப் வாஸ் இலங்கைக்கு வர விரும்பியபோது அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே போய்ச் சில ஆண்டுகள் உழைத்தார். ஆசை அடங்கவில்லை. 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கினார், பின்னர் கண்டி அரசுக்குள் புகுந்தார். அன்று சபரகமுவையும் அவ்வரசின் ஒரு திசாவை, அதாவது மாகாணம். காத்திருப்பும் கீழ்ப்படிவும் அவருடைய விருப்பத்தைப் புடம்போட்டன.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவானது. லயத்துப் பிள்ளைக்குக் குருமடம் என்பது படிப்பு, மூன்று வேளைச் சோறு, தோட்டத்தை விட்டு வெளியேறும் வழி. இந்த ஆசை கலந்த அழைத்தலை எப்படி நம்புவது? புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் தெரிவு செய்வதற்கு மூன்று நேரங்களைக் கூறுகின்றன: ஐயமே எழாத நேரம், உள்ளத்தின் ஆறுதலையும் வறட்சியையும் மாறிமாறி எடைபோடும் நேரம், மனம் அமைதியாக இருந்து அறிவால் ஆராயும் நேரம். மூன்றுக்கும் அடிப்படை, தெரிவு செய்பவர் சுதந்திரமானவர் என்பது. தோட்டத்தில் அந்த அடிப்படையே ஆட்டங்கண்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் யார் எந்த நாட்டுக்கென்று தலைக்கணக்கில் பங்கிட்டது. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் வன்முறை இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைத் தாக்கி, பலரை வவுனியா வரை துரத்தியது. இப்படிப்பட்ட இடத்தில் வெளியேற நினைப்பதைக் கறையென்று பார்ப்பது அநீதி. சோதிக்க வேண்டியது வேறு: கதவு திறந்த பிறகு அந்தப் பிள்ளை யாருக்காகத் திரும்பி வருகிறது?

திரும்பி வருவது தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் விதித்த கடனன்று. தோட்டத்தில் பிறவாத இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தை நிறுவி, தோட்டத் தமிழரின் குடியுரிமையையும் கூலியையும் வாழ்நாட்பணியாக்கிக் கொண்டார். அவர் குருவானது அதற்கு வெகு முன்னரே. குருத்துவத்துக்குள் இன்னோர் அழைத்தல் நடுவயதில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் அந்தத் தோட்டத் தொழிலாளரே என்று கொள்வதில் தவறில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளின் போக்கு வேறு. 1920களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தன் ஊழியரிடம் துறவையும் சம்பளமில்லா வாழ்வையும் கேட்கிறது. கண்டிப்பான பாதை; ஆனால் அழைப்பை அங்கே தனிமனிதரின் ஒப்புக்கொடுத்தலை வைத்தே பார்க்கிறார்கள். சுட்டும் சனம் பின்னுக்குப் போய்விடுகிறது.

2021 மே 10இல் பாப்பரசர் பிரான்சிஸ் உபதேசியார் பணியை முறையான திருப்பணியாக நிறுவினார். பொதுநிலை ஆண்கள், பெண்கள் இருபாலாருக்கும் அது திறந்திருக்கிறது. சபரகமுவையில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒன்றுக்கு இப்போதுதான் ஏட்டில் இடம் கிடைத்திருக்கிறது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் செபமாலை முன்னெடுக்கும் பெண்களுக்கும் அந்த ஏட்டில் இடம் வேண்டும். அடுத்த நல்லாயன் ஞாயிறன்று இம்மாவட்டங்களின் பங்குத்தந்தையர், யார் குருமடம் போக விரும்புகிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்குமுன், உங்கள் தோட்டத்தில் செபம் சொல்ல யாரை நம்புகிறீர்கள் என்று பெரியவர்களைக் கேட்கட்டும். அவர்கள் சொல்லும் பெயர்களை ஆயரின் மேசைக்கு அனுப்பட்டும்.