புலியின் நுரையீரலில் கிடைத்த புழு

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் விலங்குக் காட்சிசாலைகள் வங்கப் புலிகளைத் தருவித்துப் பெருமையுடன் வளர்த்து வந்தன. ஆம்ஸ்டர்டாமிலும் ஹாம்பர்க்கிலும் அவ்வாறு வளர்ந்து இறந்த புலிகளின் நுரையீரல்களில் செம்பழுப்பு நிறத் தட்டைப்புழுக்கள் காணப்பட்டன. ஏறத்தாழ 1 செ.மீ. நீளம், காப்பிக்கொட்டை போன்ற வடிவம். கெர்பெர்ட் என்னும் டச்சு விலங்கியலார் 1878இல் இப்புழுவை விவரித்து, ஆம்ஸ்டர்டாம் காட்சிசாலைத் தலைவரான வெஸ்டர்மனின் பெயரை அதற்கு இட்டார். 'பாரகோனிமஸ் வெஸ்டர்மனி' என இன்று வழங்குவது இதுவே.

புலிக்கு வந்த நோய் மனிதருக்கும் வருமா? மறு ஆண்டே விடை கிடைத்தது. தைவான் தீவில் இறந்த ஒருவரின் நுரையீரலில் இத்தகைய புழுவை ரிங்கர் என்ற மருத்துவர் கண்டார். 1880இல், சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், நோயாளி ஒருவரின் இரத்தம் கலந்த சளியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, புழுவின் முட்டைகளைக் கண்டறிந்தார். யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் காட்டியவரும் இவரே.

நண்டு வழியே வந்த நோய்

சளியில் வெளிவந்த முட்டை மீண்டும் மனித உடலுக்குள் எவ்வாறு செல்கிறது? 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் தைவானில் ஆராய்ந்த நாககாவா என்ற ஜப்பானிய மருத்துவர் இதற்கு விடை கண்டார். நீரில் விழும் முட்டை பொரிந்து, இளம்புழு முதலில் நத்தைக்குள் புகுகிறது. பின்னர் நன்னீர் நண்டின் தசையில் உறை கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அந்நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்பவரின் குடலைத் துளைத்து, உதரவிதானத்தையும் கடந்து, நுரையீரலை அடைகிறது.

இந்தியாவில் மனிதரிடையே இந்நோய் வெளிச்சத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1981ஆம் ஆண்டு மணிப்பூரில் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். பின்னர் அருணாசலப் பிரதேசத்திலும் நாகாலாந்திலும் கண்டனர். மணிப்பூரில் காணப்பட்டது பெரும்பாலும் ஹெட்டிரோட்ரெமஸ் என்னும் உறவினம் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. நீடித்த இருமல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம் ஆகிய அனைத்தும் காசநோயின் அடையாளங்களே. ஆதலால் பலர் பயனின்றி மாதக்கணக்கில் காசநோய் மருந்தை உண்டனர். 'நண்டு சாப்பிடுவீர்களா?' என்ற ஒரு கேள்வியும், சளியில் முட்டையைத் தேடும் சோதனையும் அவர்களது துன்பத்தைக் குறைத்திருக்கும். பிராசிகுவான்டல் என்னும் மருந்து இரண்டு மூன்று நாட்களில் இப்புழுவை ஒழிக்க வல்லது.

நம் அடுக்களையில்

திருவண்ணாமலை போன்ற ஏரிப்பாசன ஊர்களில் வயல் நண்டு புதியதன்று. சளி பிடித்தால் நண்டை இடித்துச் சாறெடுத்து ரசம் வைப்பது தமிழ்நாட்டுச் சிற்றூர் வழக்கம். நன்கு கொதித்த ரசத்தில் எந்தப் புழுவும் பிழைக்காது. ஆனால் பச்சை நண்டை இடித்த அம்மியையும் கையையும் கழுவாமல் அடுத்துத் துவையல் அரைப்பது தவறு. உறை கட்டிய இளம்புழு கருவிகளில் ஒட்டிக்கொண்டும் பரவும். கொரியாவில் தட்டம்மைக்கு மருந்தென நன்னீர் இறாலினத்தின் பச்சைச் சாற்றைக் குழந்தைகளுக்குப் புகட்டியதால் இந்நோய் பரவியதுண்டு.

கடல்மீனிலும் வேறுவகைப் புழுக்கள் உண்டு. லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைப் பச்சையாக உண்ட டச்சு மக்களின் வயிற்றுநோய்க்கு அனிசாக்கிஸ் வகைப் புழுவே காரணம் என்பது 1960இல் தெளிவாயிற்று. 1968இல் அந்நாடு, மீனை -20 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரமாவது உறையவைத்தே விற்கவேண்டும் எனச் சட்டம் செய்தது.

இங்கே இயற்பியலை நினைவுகூர வேண்டும். பெட்டியில் எவ்வளவு பனிக்கட்டி கொட்டினாலும், உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை 0 டிகிரியே. அது மீனைக் கெடாமல் காக்கும், புழுவைக் கொல்லாது. வீட்டுக் குளிர்பெட்டியும் பல வேளைகளில் -20 டிகிரியை எட்டுவதில்லை. உப்பும் எலுமிச்சைச் சாறும் நம்பத்தக்கவையல்ல. நம் நகரங்களிலும் பச்சை மீன் உணவு விற்கத் தொடங்கியுள்ள இந்நாளில், இவ்வேறுபாட்டை நுகர்வோர் அறிந்திருத்தல் நன்று.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, 'மீன் புதியதா?' என்பது மட்டுமன்று. பச்சையாக உண்பதாயின், 'முறைப்படி உறையவைத்ததா?' என்றும் கேட்க வேண்டும். குழம்பில் போடுவதாயின் இரண்டாம் கேள்வி தேவையில்லை. துண்டின் நடுவரை வெந்தால் போதும்.