கீழ்முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மீட்சி

கீழ்முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மீட்சி என்பது, இடுப்புப் பகுதி முள்ளந்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் நடத்தல், அமர்தல், குனிதல், தொழில் செய்தல் ஆகியவற்றுக்குப் படிப்படியாகத் திரும்பும் காலத்தைக் குறிக்கும். அறுவை சிகிச்சை நரம்பின் மீதான அழுத்தத்தை நீக்குகிறது அல்லது உறுதியிழந்த முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கிறது. வலி இருந்த காலத்தில் உடல் பழகிக்கொண்ட சாய்வு, தளர்ந்த தசைகள், குனிவதற்கான அச்சம் ஆகியவற்றை அது நேரடியாகச் சரிசெய்வதில்லை. இதனால் அறுவை வெற்றி பெற்ற பின்னரும் சிலருக்கு உடல் தோரணை, அதாவது நிற்கும், அமரும், குனியும் முறை சார்ந்த தொல்லைகள் நீடிக்கின்றன. இவற்றுள் சில தாமாகவே மறைபவை. சில பயிற்சியால் சீராகுபவை. மிகச் சில மட்டுமே எலும்பின் அமைப்பு மாற்றத்தால் ஏற்படுபவை. இவற்றை வேறுபடுத்தி அறிதல் மீட்சியில் முதன்மையானது.

உடற்கூற்றியல்

மனிதனின் கீழ்முதுகில் பொதுவாக ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளுக்கு இடையே திண்டு போன்ற வட்டு ஒன்று உள்ளது. பேச்சு வழக்கில் இது டிஸ்க் எனப்படுகிறது. வட்டின் நடுவில் கூழ் போன்ற உட்கருவும், அதைச் சுற்றி நார் வளையமும் உண்டு. உட்கரு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தும்போது, வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை பரவக்கூடும். வட்டுப் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரு மட்டங்களில், அதாவது நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலும், ஐந்தாம் முள்ளெலும்புக்கும் திருவெலும்புக்கும் இடையிலும் ஏற்படுகின்றன.

வட்டு எவ்வாறு சிதைகிறது என்பது குறித்துத் தமிழ்நாட்டிலும் ஆய்வுகள் நடந்துள்ளன. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த எஸ். ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2013 ஆம் ஆண்டு வெளியானது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு, வட்டு முள்ளெலும்பின் தட்டோடு ஒட்டியிருக்கும் இணைப்பில் முறிவு ஏற்பட்டிருந்ததை அது காட்டியது. நார் வளையம் கிழிவதே முதன்மைக் காரணம் என்ற பழைய கருத்தை இவ்வாய்வு மாற்றியது.

வரலாறு

வட்டுப் பிதுக்கத்தால் கால் வலி உண்டாகிறது என்பதைத் தெளிவாக நிறுவியவர்கள் அமெரிக்க மருத்துவர்களான வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் ஆகிய இருவர். இவர்களுடைய கட்டுரை 1934 ஆம் ஆண்டு வெளியானது. அதற்கு முன்னர், அறுவையின்போது காணப்பட்ட வட்டுத் துண்டுகள் குருத்தெலும்புக் கட்டிகள் எனக் கருதப்பட்டன. 1977 ஆம் ஆண்டு யாசர்கில், காஸ்பர் ஆகியோர் நுண்ணோக்கியின் துணையுடன் சிறு வெட்டின் வழியாகச் செய்யும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். வெட்டின் அளவு குறைந்ததால் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்தன.

இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 ஆம் ஆண்டு ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி இத்துறைப் பணியைத் தொடங்கினார்.

அறுவை சிகிச்சையால் பெறும் பயன்

நெதர்லாந்தில் 283 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், விரைவாக அறுவை செய்துகொண்டோர் கால் வலியிலிருந்து விரைவில் விடுபட்டனர். ஆனால் ஓராண்டின் முடிவில், முதலில் காத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் அறுவை செய்துகொண்டோரும் ஏறத்தாழ அதே நிலையை அடைந்திருந்தனர். எனவே தக்க நோயாளிக்கு அறுவை சிகிச்சையின் பெரும்பயன் வலி விரைவில் குறைவதாகும். அதன் பின்னர் முதுகு எந்த அளவுக்குப் பயன்படும் என்பது பெரிதும் மீட்சிக் காலத்தைப் பொறுத்தது.

கால் வலி பெரும்பாலும் முதலில் குறையும். மரமரப்பும் தசைப் பலவீனமும் மெதுவாகவே குறையும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மரமரப்பு நீடிப்பதால் மட்டும் அறுவை தோல்வியடைந்தது எனக் கொள்ளக்கூடாது.

மீட்சியின் கட்டங்கள்

கீழ்க்காணும் கால அளவு, வட்டுத் துண்டை மட்டும் அகற்றும் அறுவைக்குப் பொதுவாகப் பொருந்துவது. முள்ளெலும்பு இணைப்பு அறுவையில் எலும்புகள் முழுமையாக ஒட்ட ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை ஆகலாம். புகைபிடித்தல் எலும்பு ஒட்டுவதைத் தடுக்கிறது.

* முதல் இரு நாள்கள்: பெரும்பாலோர் அறுவை நாளன்றோ மறுநாளோ எழுந்து நடக்கின்றனர். எழும்போது முதலில் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கைகளை ஊன்றி எழவேண்டும்.
* முதல் இரு வாரங்கள்: குறைந்த தூரம் பலமுறை நடத்தல். தொடர்ந்து படுத்திருந்தால் தசைகள் மேலும் தளர்கின்றன. கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது.
* இரண்டு முதல் ஆறு வாரங்கள்: நடக்கும் தூரத்தையும் அமரும் நேரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுதல். அமர்ந்து செய்யும் பணியிலிருப்போர் பலர் இக்காலத்தில் வேலைக்குத் திரும்புகின்றனர்.
* ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள்: இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் முதுகு, வயிறு, பிட்டத் தசைகளுக்கான வலுப்பயிற்சி.
* மூன்று மாதங்களுக்குப் பின்: சுமை தூக்குதல், உழவு, விளையாட்டு ஆகியவற்றுக்குப் படிப்படியாகத் திரும்புதல்.

குனியாதே, தூக்காதே, திரும்பாதே என்று பல வாரங்கள் கட்டுப்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. எனினும், முதன்முறை வட்டு அறுவைக்குப் பின் நீண்ட கட்டுப்பாடு தேவை என்பதற்கு உறுதியான சான்று இல்லை. காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, நான்கு முதல் ஆறு வாரங்களில் தொடங்கும் பயிற்சிகள் வலியையும் இயலாமையையும் விரைவில் குறைக்கின்றன என்றும், அவற்றால் மறு அறுவை அதிகரித்ததாகத் தெரியவில்லை என்றும் கூறுகிறது. அறுவையின் வகை ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், அறுவை செய்த மருத்துவரின் அறிவுரையே இறுதியானது.

நீடிக்கும் தோரணைச் சிக்கல்கள்

பக்கச் சாய்வு

வட்டுப் பிதுக்கம் உள்ளவர்கள் நரம்பின் மீதான அழுத்தத்தைத் தவிர்க்கத் தம்மையறியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதுண்டு. ஒரு தோள் தாழ்ந்தும் இடுப்பு மறுபுறம் தள்ளியும் காணப்படும். அழுத்தம் நீங்கிய பின் பெரும்பாலோருக்கு இச்சாய்வு சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் மறைகிறது. நீண்ட காலம் வலியோடு இருந்தவர்களுக்குச் சாய்ந்த நிலையே நேரான நிலையாகத் தோன்றக்கூடும். இவர்களுக்குக் கண்ணாடி முன் நின்று செய்யும் பயிற்சி உதவுகிறது.

தசைத் தளர்ச்சி

முள்ளெலும்புகளை ஒட்டி அமைந்துள்ள சிறு தசைகள் வலியாலும் அறுவையாலும் மெலிகின்றன. சில வேளைகளில் தசை இருந்த இடத்தில் கொழுப்பு சேர்வதை எம்.ஆர்.ஐ. படத்தில் காணலாம். காலையில் நேராக நிற்கும் ஒருவர் மாலையில் தளர்ந்து குனிவதற்கு இது ஒரு காரணமாகும். இடுப்புப் பட்டையைப் பல மாதங்கள் அணிவது இதற்குத் தீர்வாகாது. படிப்படியான வலுப்பயிற்சியே பயனளிக்கும்.

அசைவச்சம்

குனிந்தால் வட்டு மீண்டும் பிதுங்கிவிடும் என்ற அச்சத்தால் உடலை விறைப்பாக வைத்திருத்தல் அசைவச்சம் எனலாம். விளாயன், லிண்டன் ஆகிய உளவியலாளர்கள் 2000 ஆம் ஆண்டு விளக்கிய கோட்பாட்டின்படி, அச்சம் அசைவைக் குறைக்கிறது. அசைவின்மை தசையைத் தளர்த்துகிறது. தளர்ச்சி வலியைக் கூட்டுகிறது. வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது. அச்சத்திற்கு அடிப்படையே இல்லை எனக் கூறிவிட முடியாது. பிதுக்கம் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு மீண்டும் ஏற்படுகிறது. ஆயினும் பெரும்பான்மையினருக்கு ஏற்படுவதில்லை என்பதும் இதே எண்களிலிருந்து பெறப்படுவதே. 'முதுகை வளைக்காதே' என வீட்டார் இடைவிடாது எச்சரிப்பது, நல்லெண்ணத்தோடு கூறப்பட்டாலும், இச்சுழலை வலுப்படுத்தக்கூடும்.

தட்டை முதுகு

கீழ்முதுகு இயல்பாக உள்நோக்கி வளைந்திருக்கும். பல முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவையில் இவ்வளைவு குறைந்துவிட்டால் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. இது தட்டை முதுகு எனப்படுகிறது. பால் ஆரிங்டன் உருவாக்கிய, முதுகை நீட்டிப் பிடிக்கும் உலோகத் தண்டுகள் பரவலாகப் பயன்பட்ட காலத்தில் இது அதிகம் அறியப்பட்டது. இவர்கள் நேராக நிற்க முழங்கால்களை மடக்கிக்கொள்வர்; சிறிது தூரம் நடந்ததும் தளர்வர்.

கட்டடம் நேராக உள்ளதா எனக் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைப் போன்றே இதனையும் அளக்கின்றனர். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில், கழுத்தின் ஏழாம் முள்ளெலும்பிலிருந்து செங்குத்தாகக் கோடு வரையப்படுகிறது. அக்கோடு திருவெலும்பின் பின்மேல் மூலைக்கு 5 செ.மீ.க்கு மேல் முன்னால் விழுந்தால் சமநிலை குலைந்துள்ளதாகக் கொள்வர். இத்தகையோரிடம் 'நிமிர்ந்து நில்' எனக் கூறுவதால் பயனில்லை. கடுமையான நிலையில் எலும்பை வெட்டி வளைவை மீட்கும் பெரிய அறுவை தேவைப்படலாம்.

அமர்தலும் சுமை தூக்கலும்

சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள் அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட அமர்வதில் அழுத்தம் கூடுதல் என்ற அவரது முடிவு, அமர்வதே தீங்கு என்ற கருத்தைப் பரப்பியது. செருமனியின் வில்கே குழுவினர் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட அளவீடுகள் இதிலிருந்து வேறுபட்டன:

* படுத்திருத்தல்: 0.1 மெகாபாசுக்கல்
* தளர்வாக அமர்தல்: 0.46 மெகாபாசுக்கல்
* நிற்றல்: 0.5 மெகாபாசுக்கல்
* முழங்காலை மடக்கி 20 கிலோ தூக்குதல்: 1.7 மெகாபாசுக்கல்
* முதுகை வளைத்து 20 கிலோ தூக்குதல்: 2.3 மெகாபாசுக்கல்

இவை ஒரே ஒருவரிடம் அளக்கப்பட்டவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் அமர்வதற்கும் நிற்பதற்கும் இடையிலான வேறுபாடு சிறிது என்பதும், சுமையே அழுத்தத்தைப் பன்மடங்காக்குகிறது என்பதும் இவற்றிலிருந்து தெரிகின்றன. குறையற்ற தோரணை ஒன்றைத் தேடுவதைவிட, ஒரே தோரணையில் நெடுநேரம் இராமல் மாற்றிக்கொண்டிருப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

செட்டிநாட்டுச் சூழலில் மீட்சி

மருத்துவ நூல்களின் அறிவுரைகள் பெரும்பாலும் நாற்காலி, மேசை, கட்டில் உள்ள வீடுகளை எண்ணி எழுதப்பட்டவை. தமிழ்நாட்டு வீடுகளில் தரையில் அமர்ந்து உண்பதும் குனிந்து வேலை செய்வதும் அன்றாடப் பழக்கம். காரைக்குடியை அடுத்த கண்டனூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இங்குள்ள பெரிய வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என நீளவாக்கில் தொடர்கின்றன. வெயிலோ மழையோ படாமல் நெடுந்தூரம் நடக்க இவை ஏற்றவை. ஆனால் கட்டுக்குக் கட்டு உள்ள நிலைப்படிகளைக் கடக்கையில் கவனம் தேவை. ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரை ஈரமானால் வழுக்கும். திண்ணையின் உயரம் நாற்காலிக்கு நிகராயின் தரையைவிட அதில் அமர்வது எளிது. தொடக்க வாரங்களில் கீழ்க்காணும் மாற்றங்கள் உதவும்:

* பந்தியில் தரையில் அமராமல் மேசையில் உண்ணுதல்.
* அரிவாள்மணைக்கு மாற்றாக மேடையில் நின்று காய் நறுக்குதல்.
* குட்டையான விளக்குமாற்றுக்கு மாற்றாக நீண்ட கைப்பிடி உள்ளதைப் பயன்படுத்துதல்.
* வாசலில் குனிந்து கோலமிடுவதைச் சில வாரங்கள் பிறரிடம் விடுதல்.
* தரைமட்டக் கழிப்பறையின் மீது உயரமான இருக்கை வைத்தல்.

இவை தற்காலிக மாற்றங்களே. வலு திரும்பியதும் தரையில் அமர்வதையும் குனிவதையும் மீண்டும் பழகுவது மீட்சியின் ஒரு பகுதியாகும்.

கண்டனூரை ஒட்டிய புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். மூட்டை சுமப்போருக்கு வேலைக்குத் திரும்புவதே மிகக் கடினமான கட்டமாகும். அலுவலகப் பணியாளரைப் போல இவர்கள் பாதி வேலை செய்ய முடிவதில்லை. மூட்டையின் எடை குறைவதுமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967 ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை உச்சவரம்பாகக் குறிப்பிடுகிறது. அறுவைக்குப் பின் எடை போடுதல், சாக்குத் தைத்தல் போன்ற மாற்றுப் பணி கிடைப்பது இவர்களது மீட்சியைத் தீர்மானிக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு வசதிகள்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவரான மேரி வர்கீஸ் 1954 ஆம் ஆண்டு ஊர்தி விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்தார். அதன் பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை மருத்துவம் செய்தார். அவரது முயற்சியால் 1966 ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. தண்டுவடப் பாதிப்பு வட்டு நோயைவிட மிகக் கடுமையானது. எனினும், அறுவை முடிந்த பின்னரும் மருத்துவத்தின் பணி தொடர்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டிய முயற்சிகளுள் இது முதன்மையானது.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிப்பதும் அடங்கும். அறுவைக்குப் பின் பேருந்தில் பயணம் செய்ய இயலாத ஊர்ப்புற நோயாளிகளுக்கு இது பயனுடையது. அதே ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை வழங்குவது கட்டாயமாக்கப்பட்டது. துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுதும் நின்று பணியாற்றுவோருக்குத் தோரணையை மாற்றிக்கொள்ளும் உரிமையை இது அளிக்கிறது.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்

* சிறுநீர் கழிக்க இயலாமை, மலம் அல்லது சிறுநீர் கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
* பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் உணர்வின்மை
* கால்களில் புதிதாக அல்லது வேகமாகக் கூடும் பலவீனம்
* காய்ச்சல், அறுவைப் புண்ணில் சீழ் அல்லது நீர்க்கசிவு
* எழுந்து அமர்ந்தால் கடுமையாகி, படுத்தால் குறையும் தலைவலி
* ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும். திடீர் மூச்சுத் திணறல்

முதல் இரண்டும் குதிரைவால் நரம்புத் தொகுதி நசுங்குவதைக் காட்டக்கூடும். இந்நிலையில் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* முள்ளந்தண்டு
* இடுப்பு நரம்பு வலி
* இயன்முறை மருத்துவம்
* மேரி வர்கீஸ்
* கண்டனூர்